கண் விட்டதை மூளை நிரப்பும்

பெரியப்பாவின் ஸ்கூட்டரில் கீறல்கள் எல்லாம் இடப்பக்கம்தான். தி.நகரில் வெங்கட்நாராயணா சாலையை ஒட்டிய தெரு ஒன்றில் நாற்பது வருடங்களாகக் குடியிருக்கிறார். அந்த வட்டாரத்தின் ஒவ்வொரு வேகத்தடையும் அவருக்கு மனப்பாடம். ஆனாலும் இரண்டு வருடங்களாக வண்டி எதன்மீதாவது உரசிக்கொண்டே இருந்தது. ஒருநாள் வீட்டுக் கேட், இன்னொரு நாள் ஓரமாக நின்ற ஆட்டோ, பிறகு ஒரு பூக்காரம்மாவின் கூடை. கேட்டால் ஒரே பதில்தான்: “எங்கேர்ந்து வந்தான்னே தெரியலடா.”

கண்ணாடியை மாற்றத்தான் கண் மருத்துவமனைக்குப் போனோம். மருத்துவர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ‘ஃபீல்டு டெஸ்ட்’ எழுதிக் கொடுத்தார். பெரிய கிண்ணத்தைக் குப்புறச் சாய்த்த மாதிரி ஒரு வெள்ளைக் கருவி. முகவாயைத் தாங்கியில் வைத்து, ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு, நடுவிலிருக்கும் விளக்கையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது பொட்டு வெளிச்சம் மின்னினால் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். இருட்டறைக் கதவோரம் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த ‘டிக்’ சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நடுநடுவே நீண்ட மௌனம். அந்த மௌனங்களிலும் விளக்குகள் மின்னிக்கொண்டுதான் இருந்தன என்பது முடிவுத்தாள் வந்த பிறகுதான் தெரிந்தது.

தாளில் இரண்டு வட்டங்கள், இரண்டிலும் மை கொட்டினாற்போல் கறுப்புத் திட்டுகள். க்ளாக்கோமா. பெரியப்பா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். ஒரு கண்ணை மூடி ஜன்னலைப் பார்த்தார், மறு கண்ணை மூடிப் பார்த்தார். “கறுப்பா இருந்தா எனக்குத் தெரியாதா டாக்டர்? எல்லாம் முழுசாத்தானே தெரியுது?”

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கண்ணில் ஓட்டை விழுந்தால் அந்த ஓட்டை ஏன் தெரிவதில்லை? இதைத் தேடிப் படிக்கப் போனபோது, பார்வை பற்றிய இந்தப் புதிரை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட ஒருவரின் வேர் தி.நகரிலிருந்து கூப்பிடு தூரத்தில், மயிலாப்பூரில் இருப்பதைக் கண்டேன். விளையனூர் எஸ். ராமச்சந்திரன். உலகம் அவரை மூளை ஆய்வாளராக அறியும். அவர் தொடங்கியதோ கண்ணில்.

லஸ்ஸிலிருந்து சான் டியாகோவுக்கு

லஸ் சர்ச் சாலையில் ‘ஏகாம்ர நிவாஸ்’ என்று ஒரு வீடு உண்டு. அரசியல் சாசனத்தை வரைந்த குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயரின் இல்லம். அவருடைய மகன் அல்லாடி ராமகிருஷ்ணன் இயற்பியல் கருத்தரங்குகளை அந்த வீட்டிலேயே நடத்தினார். 1960-இல் நீல்ஸ் போர் சென்னைக்கு வந்தபோது அங்கே விருந்துக்குப் போனார். அந்தக் கருத்தரங்குகளிலிருந்துதான் 1962-இல் மேட்சயன்ஸ், இன்று தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம், பிறந்தது. அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயரின் பேரன்தான் ராமச்சந்திரன். 1951 ஆகஸ்ட் 10-இல் பிறந்தவர். அப்பா பொறியாளர். ஐ.நா. அமைப்பில் வேலை, அதனால் பள்ளிப் படிப்பு சென்னையிலும் பாங்காக்கிலுமாக நடந்தது. கிளிஞ்சலும் புதைபடிவமும் சேர்க்கிற பிள்ளை. விஞ்ஞானியாக வேண்டும் என்றபோது, முதலில் டாக்டருக்குப் படி என்று அப்பாதான் திருப்பிவிட்டார். சுமாரான டாக்டர் பிழைத்துக்கொள்வார், சுமாரான விஞ்ஞானியால் பிழைக்க முடியாது என்பது அப்பாவின் கணக்கு.

அப்படித்தான் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரிக்குப் போனார். கே.வி. திருவேங்கடம் போன்ற ஆசிரியர்களின் காலம் அது. ஸ்கேன் வராத நாட்களில் கண், காது, மூக்கு, விரல் நுனி இவற்றை நம்பியே நோயைக் கண்டுபிடித்தார்கள். மாணவனாக இருக்கும்போதே ராமச்சந்திரன் ஒரு பார்வைச் சோதனையைச் செய்து, எஸ். ஸ்ரீராம் என்பவருடன் சேர்ந்து எழுதி ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பினார். 1972 ஜூனில் அது வெளியானது. அப்போது அவருக்கு 21 வயது நிரம்பவில்லை.

அந்தச் சோதனையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நம் இரண்டு கண்களும் சற்றே வேறுபட்ட இரண்டு படங்களைப் பார்க்கின்றன, அந்த வேறுபாட்டிலிருந்துதான் மூளை ஆழத்தைக் கணக்கிடுகிறது. பேலா யூலஷ் என்ற ஹங்கேரிய விஞ்ஞானி வெறும் புள்ளிகளை அள்ளித் தெளித்த மாதிரி இரண்டு படங்களை உருவாக்கியிருந்தார். தனித்தனியே பார்த்தால் அவற்றில் எதுவும் இல்லை. இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று எனக் காட்டினால் நடுவில் ஒரு சதுரம் மேலெழுந்து மிதக்கும். இதோடு கண்களுக்கு முன் வெவ்வேறு நிற வடிகட்டிகளை வைத்தால் என்ன ஆகும்? நிறங்கள் சண்டை போடும். ஒரு கணம் இந்தக் கண்ணின் நிறம், மறுகணம் அந்தக் கண்ணின் நிறம் என்று மாறி மாறித் தெரியும். ஆனால் மிதக்கும் சதுரம் மட்டும் அசையாமல் அப்படியே நிற்கும் என்று காட்டியது அந்தக் கட்டுரை. நிறத்தில் ஒரு கண்ணை மூளை ஒதுக்கிவைத்த நேரத்திலும், ஆழத்துக்கு அதே கண்ணின் தகவலை எடுத்துக்கொள்கிறது. பார்வை ஒற்றை வேலை என்று நாம் நினைக்கிறோம். உள்ளே பல குமாஸ்தாக்கள் தனித்தனி மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த வருடமே வேறு இருவருடன் சேர்ந்து இன்னொரு கட்டுரையும் ‘நேச்சரி’ல் வந்தது.

எனக்கு இதில் பெருமையாகப் படுவது அந்த இதழின் பெயர் அல்ல. புள்ளிப் படம் இரண்டு, நிற வடிகட்டி இரண்டு, ஒரு நல்ல கேள்வி. பெரிய ஆய்வகம் இல்லாத ஊரில் ஒரு மருத்துவ மாணவனுக்கு அது போதுமானதாக இருந்தது. பிறகு கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் முனைவர் பட்டம், கால்டெக்கில் ஆய்வு, 1983 முதல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகம். எங்கே போனாலும் எளிய கருவி, நேரடியான கேள்வி என்ற அந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை.

பணியாரச் சட்டியும் சூரியனும்

வீட்டில் குழிப்பணியாரச் சட்டி இருந்தால் எடுங்கள். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழும்படி வைத்து, அந்த ஜன்னல் பக்கம் படத்தில் மேலே வருமாறு செல்போனில் ஒரு படம் எடுங்கள். குழி குழியாகத்தான் தெரியும். இப்போது படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பலருக்கும் குழிகள் மேடுகளாகிவிடும், பணியாரமே வெந்து உப்பிய மாதிரி.

1988-இல் ராமச்சந்திரன் ஆராய்ந்தது இதைத்தான். நிழலை வைத்து மேடா பள்ளமா என்று தீர்மானிக்கும்போது, வெளிச்சம் மேலேயிருந்து வருகிறது, அதுவும் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்று மூளை தானாகவே வைத்துக்கொள்கிறது. கோடிக்கணக்கான வருடங்கள் ஒற்றைச் சூரியனின் கீழ் வாழ்ந்த உயிர்களின் கண்ணில் ஊறிய அனுமானம் அது. கபாலீஸ்வரர் சந்நிதியில் தீபாராதனை மேலும் கீழுமாகச் சுழலும்போது சுவாமியின் முகம் கணத்துக்குக் கணம் மாறித் தெரிவதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். வெளிச்சம் கீழிருந்து எழும் அந்த ஒரு நொடியில் நாம் பழகிய கணக்கு தடுமாறுகிறது.

ஆக, மூளை வெறுமனே படம் பிடிக்கும் பெட்டி அல்ல. கண் தருவது அரைகுறைச் செய்தி. மிச்சத்தை ஊகித்துக் கட்டுவது மூளை. ஊகம் பெரும்பாலும் சரியாக இருப்பதால் நமக்கு அது ஊகம் என்றே தெரிவதில்லை. பெரியப்பாவின் ஸ்கூட்டர் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

எல்லோருக்கும் உள்ள ஓட்டை

ஒரு கோடு போட்ட நோட்டுத் தாளில் ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதே வரியில் வலப்பக்கமாக எட்டு சென்டிமீட்டர் தள்ளி ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டுங்கள். இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பாருங்கள். தாளை ஓரடி தூரத்தில் வைத்து மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் பொட்டு மறைந்துவிடும். மறைந்த இடத்தில் ஓட்டை இருக்கிறதா என்று கவனியுங்கள். இருக்காது. தாளின் வெள்ளையும் நோட்டின் கோடும் அந்த இடத்திலும் தடையின்றி ஓடுவதாகத் தெரியும்.

விழித்திரையிலிருந்து பார்வை நரம்பு புறப்படும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் கிடையாது. அதனால் ஒவ்வொரு கண்ணிலும் பிறவியிலேயே ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் மரியோத் அதைக் கண்டுபிடித்தார். புள்ளி என்று பெயரே தவிர அது சின்னதில்லை. வானத்தில் பத்து முழுநிலவுகளை வரிசையாக அடுக்கினாலும் அதற்குள் மறைந்துவிடும். இவ்வளவு பெரிய ஓட்டையோடு எழுபது எண்பது வருடம் வாழ்ந்துவிட்டுப் போகிறோம்.

1991-இல் ராமச்சந்திரனும் பிரிட்டனின் ரிச்சர்ட் கிரிகரியும் ஒரு படி மேலே போனார்கள். நிலையம் கிடைக்காத பழைய டிவியில் புள்ளிகள் கொதிக்குமே, தூர்தர்ஷன் காலத்தவர்களுக்கு நினைவிருக்கும், அந்த மாதிரித் திரை. அதில் ஓரமாக ஒரு சாம்பல் நிறச் சதுரம். பார்ப்பவர் நடுவில் ஒரு புள்ளியையே உற்றுப் பார்க்க வேண்டும். சில விநாடிகளில் சதுரம் காணாமல் போய், அந்த இடத்திலும் புள்ளிகள் கொதிக்கத் தொடங்கின. ஆச்சரியம் அதற்குப் பிறகுதான். திரையைச் சட்டென்று வெறுமையாக்கினால், முன்பு சதுரம் இருந்த இடத்தில் மட்டும் புள்ளிகள் இன்னும் சில விநாடிகள் கொதித்தன. எந்தப் புள்ளியும் இருந்திராத இடம் அது! ஓட்டையை மூளை சும்மா கண்டுகொள்ளாமல் விடவில்லை, சுற்றிலும் உள்ளதைக் கொண்டு அதை நிரப்பியிருக்கிறது என்பதற்கு அது வலுவான சான்று.

இப்போது க்ளாக்கோமாவுக்கு வருவோம். கண்ணுக்குள் ஒரு நீர் சுரந்துகொண்டும் வடிந்துகொண்டும் இருக்கிறது. வடிகால் அடைத்தால் அழுத்தம் ஏறும். பார்வை நரம்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் உள்ளன. அந்த அழுத்தத்தில் அவை ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும். சிலருக்கு அழுத்தம் சாதாரணமாக இருந்தும் நரம்பு தேயும். பெரும்பாலும் வலி இல்லை, சிவப்பு இல்லை. பக்கப் பார்வைதான் முதலில் போகும், நேரே பார்க்கும் எழுத்துகள் கடைசிவரை தெளிவாக இருக்கும். ஒரு கண்ணில் விழுந்த ஓட்டையை மறு கண் மூடிவிடும். இரண்டிலும் விழுந்தால் மூளை நிரப்பிவிடும். அதுவும் வருடக்கணக்கில், மெல்ல மெல்ல. இரவும் பகலும் விசுவாசமாக ஒட்டுப்போட்டுக்கொண்டே இருக்கும் மூளைதான் இங்கே நோய்க்குத் துணைபோகிறது.

2013-இல் லண்டனில் 50 க்ளாக்கோமா நோயாளிகளிடம் பல படங்களைக் காட்டி, உங்கள் பார்வை இவற்றில் எது மாதிரி இருக்கிறது என்று கேட்டார்கள். சுற்றிலும் கறுத்து நடுவில் குழாய் வழியே தெரிவது போன்ற படம் மருத்துவமனைச் சுவரொட்டிகளில் இருக்குமே, அதை ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. கறுப்புத் திட்டுகள் உள்ள படத்தையும் எவரும் எடுக்கவில்லை. பாதிக்கு மேற்பட்டோர் ‘அங்கங்கே மங்கல்’ என்றார்கள். கால்வாசிப் பேருக்குத் தங்கள் பார்வையில் குறை இருப்பதே தெரியவில்லை. பெரியப்பா ‘கறுப்பா இருந்தா தெரியாதா’ என்று கேட்டதில் தவறே இல்லை. கறுப்பாக இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

நம் ஊர்க் கணக்கு

கண் நோய் விஷயத்தில் சென்னை பழைய ஊர். 1819-இல் கிழக்கிந்திய கம்பெனி ராயப்பேட்டையில் ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கியது. அதுதான் பின்னர் எழும்பூருக்குப் போய், இன்று அரசு கண் மருத்துவமனையாக நிற்கிறது. அங்கே கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட் 1909-இல் க்ளாக்கோமாவுக்கு ஓர் அறுவை சிகிச்சையை வகுத்தார். கண்ணின் வெள்ளையில் நுண்ணிய துளையிட்டு நீருக்கு வடிகால் அமைக்கும் முறை. பல ஆண்டுகள் உலகெங்கும் அதைப் பின்பற்றினார்கள்.

திருவல்லிக்கேணியில் பிறந்த எஸ்.எஸ். பத்ரிநாத் அமெரிக்காவில் பயிற்சி முடித்துத் திரும்பி, அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனையிலும் பணியாற்றி, 1978-இல் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கினார். 2023 நவம்பரில் அவர் மறைந்தார். அந்த மருத்துவமனை சிகிச்சையோடு நிற்காமல் ஆராய்ச்சியையும் சேர்த்தே வளர்த்ததன் பலன்களில் ஒன்று, லிங்கம் விஜயா, ரோனி ஜார்ஜ் ஆகியோர் 2001 முதல் 2004 வரை நடத்திய ‘சென்னை க்ளாக்கோமா ஆய்வு’. மருத்துவமனைக்கு வருபவர்களை மட்டும் எண்ணினால் உண்மை தெரியாது என்பதால் சென்னை நகரத்திலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் 40 வயதைத் தாண்டிய சாதாரண மக்களைத் தேடிச் சோதித்தார்கள். நகரத்தில் சோதித்த 3,850 பேரில் 135 பேருக்குத் திறந்த கோண வகை க்ளாக்கோமா இருந்தது. அதாவது 3.51 சதவீதம். கிராமங்களில் 1.62 சதவீதம்.

இந்த எண்களைவிட என்னை உலுக்கியது வேறொன்று. நகரத்தின் அந்த 135 பேரில் 127 பேருக்கு, சோதிக்கும்வரை தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. மயிலாப்பூர் மாட வீதியில் காய் வாங்குபவர்கள், அடையாறு சிக்னலில் வண்டி ஓட்டுபவர்கள், ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் பேத்தியின் கையைப் பிடித்து நடப்பவர்கள். பேப்பர் படிக்க முடிகிறது, டிவி தெரிகிறது, அப்புறம் எதற்குக் கண் டாக்டர் என்று நினைத்தவர்கள். மருத்துவமனை எட்டாத தூரத்தில் இருப்பதால் நோய் தெரியாமல் போவது கிராமத்தின் பிரச்சினை என்று நான் எண்ணியிருந்தேன். தெருவுக்குத் தெரு கண் மருத்துவமனைப் பலகை இருக்கும் ஊரிலும் கதை ஏறக்குறைய அதேதான். போன நரம்பு திரும்பாது, சொட்டு மருந்தோ லேசரோ அறுவை சிகிச்சையோ மிச்சத்தைத்தான் காப்பாற்றும். எனவே 40 வயதுக்கு மேல், வீட்டில் அப்பா அம்மாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ இது இருந்தால் அதற்கும் முன்பே, அழுத்தத்தோடு நரம்பையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கண் அரிப்புக்கு மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து, மாதக்கணக்கில் போட்டால், இந்த நோயைத் தானே வரவழைத்துவிடலாம்.

மடியில் குரங்கு

நிரப்புவதில் மூளை சில சமயம் எல்லை மீறும். பார்வை வெகுவாகக் குறைந்த முதியவர்கள் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும். பூ வேலைப்பாடுகள், குட்டி மனிதர்கள், விலங்குகள், அறிமுகமில்லாத முகங்கள். 1760-இல் சார்ல் பொன்னே என்ற ஸ்விட்சர்லாந்து அறிஞர் தம் தாத்தாவுக்கு நேர்ந்ததாக இதை எழுதினார். அவர் பெயரில்தான் இந்நிலை அறியப்படுகிறது. ராமச்சந்திரன் 1998-இல் எழுதிய நூலில் இதற்கு ஓர் அத்தியாயமே உண்டு. அவர் எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த ஒரு நோயாளி, உங்கள் மடியில் ஒரு குரங்கு உட்கார்ந்திருக்கிறது என்று சாவதானமாகச் சொன்னாராம். குரங்கு உண்மையில் இல்லை என்று அவருக்கும் தெரியும். கண்ணிலிருந்து செய்தி வராத நிலையில் மூளையின் பார்வைப் பகுதி தன் கையிருப்பிலிருந்து எடுத்து வரைகிறது.

நம் வீடுகளில் இதைப் பாட்டிமார்கள் வெளியே சொல்வதில்லை. சொன்னால் புத்தி பிசகிவிட்டது என்பார்கள், இல்லாவிட்டால் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். ‘செத்துப்போன மனுஷாள்லாம் வந்து நிக்கறா’ என்று வயதான ஒருவர் சொன்னால், பயப்படுவதற்கு முன் அவருடைய கண்ணைப் பரிசோதிக்க வேண்டும். இது மனநோய் அல்ல என்று மருத்துவர் ஒரு வார்த்தை சொன்னாலே பாதி பாரம் இறங்கிவிடும்.

உலகம் முழுக்க ராமச்சந்திரனைக் கொண்டுபோனது, துண்டிக்கப்பட்ட கையில் வலி உணர்பவர்களுக்கு அவர் வைத்த கண்ணாடிதான். இருக்கும் கையைக் கண்ணாடி முன் அசைத்தால், போன கையே அசைவது போலத் தெரியும். பலருக்கு அதில் வலி குறைந்தது. அதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. எனக்கு அதுவும் பார்வை ஆய்வின் தொடர்ச்சியாகவே படுகிறது. அவருடைய பிற்காலக் கருத்துகள் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. பிறர் செய்வதைப் பார்க்கும்போதும் இயங்கும் ‘கண்ணாடி நியூரான்கள்’ என்ற மூளைச் செல்கள் உளவியலையே மாற்றிவிடும் என்று 2000-இல் அவர் சொன்னது, ஆட்டிசத்துக்கு அவற்றைக் காரணம் காட்டியது ஆகியவை சான்றுகளின் முன் நிற்கவில்லை. கண்ணைப் பற்றி அவர் செய்த சோதனைகளை இன்றும் எவரும் வீட்டு மேசையில் செய்து பார்த்துக்கொள்ளலாம்.

சென்னைக்கு ஒருமுறை நரம்பியல் நிறுவனத்துக்கு வருகைப் பேராசிரியராக வந்தபோது, நோயாளிகள் அதிகம் வராத நாட்களில் மயிலாப்பூரில் வீட்டருகே இருந்த சிவன் கோயிலில் உலாவியதை அவர் எழுதியிருக்கிறார். அந்தச் சிற்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், கலையை மூளை எப்படி ரசிக்கிறது என்ற கேள்வி அவரைப் பற்றிக்கொண்டதாம்.

போன வாரம் பெரியப்பாவோடு அதே கோயிலுக்குப் போனேன். ஸ்கூட்டரை விற்றுவிட்டார். இரவு ஒன்பது மணிக்கு அவர் செல்போனில் அலாரம் அடிக்கும். கீழிமையை இழுத்து ஒரு சொட்டு, பிறகு கண்ணை மூடி உள்மூலையை விரலால் அழுத்திக்கொண்டு ஐந்து நிமிடம். சமீபத்திய ஃபீல்டு டெஸ்டில் திட்டு வளரவில்லை. சந்நிதியில் தீபம் சுழன்றபோது இமைக்காமல் பார்த்தார். வெளியே வந்து தெருவைக் கடக்க நின்றோம். ஒன்றும் வரவில்லை என்று நான் காலை எடுத்து வைத்தேன். அவர் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். தலையை இடப்பக்கம் தோள்வரை முழுசாகத் திருப்பி, அங்கே காலியாகத் தெரிவது நிஜமாகவே காலிதானா என்று பார்த்துக்கொண்ட பிறகு, “இப்ப வா” என்றார்.